நான் கூப்பிட்டாலும் வராதே

அலாரம் அடிக்கிறது. நிற்கவில்லை. சுவருக்குள் இருந்து யாரோ தகரத்தை அறுப்பது போல ஒரு சத்தம். நான் படியில் நிற்கிறேன். எலிவேற்றர் நின்றுவிட்டது. மேலே எங்கள் பதினோராம் மாடி. கீழே ஆட்கள் நெரிசல். என் கையில் பை. காலில் வீட்டுச் செருப்பு. வெளியே பனி.

இடையில் நிறுத்துகிறேன். முதலிலேயே மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டும். நான் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தால் நின்றவள். எழுதினால் வசனம் நொண்டும். முன்னது பின்னதாகும். பெயர்கள் மறந்துபோகும். நாலு பேருக்கு முன்னால் பேசச் சொன்னால் நாக்கு ஒட்டிக்கொள்ளும். முதியோர் சங்கத்தில் சாட்சியப் புத்தகம் போடுகிறோம், உங்களுக்கு நடந்ததை எழுதித் தாருங்கள் என்று கேட்டார்கள். எனக்கு நடந்ததோடு இன்னொருவருக்கு நடந்ததும் சேர்ந்து வருகிறது. அவரை எழுத வேறு ஆளில்லை. அதனால் இரண்டையும் எழுதுகிறேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

படி. அலாரம். பின்னால் வசந்தி. எங்கள் மாடியில் கடைசி வீட்டுக்காரி. முதியவர்களைப் பராமரிக்கும் வேலை. இரவு வேலை முடிந்து வந்து படுத்தவள். கண் முழுக்க நித்திரை. ஆனாலும் வாய் சும்மா இராது.

"அன்ரி, மெல்ல இறங்குங்கோ. உது வழமையான பொய் அலாரம்தான். ஆரோ ரோஸ்ற் கருக்கிப்போட்டினம்."

எனக்கும் அப்படித்தான் படுகிறது. எங்கள் மாடிக் கட்டடங்கள் நிற்கும் இந்தச் சென் ஜேம்ஸ் ரவுணில் மாதம் ஒரு தடவையாவது அலாரம் அடிக்கும். பாதிப் பேர் கதவே திறப்பதில்லை. ஆனால் நான் எப்போதும் இறங்குவேன். முதல் ஆளாக இறங்குவேன்.

மணம் வருகிறது. பாண் கருகிய மணம் இல்லை. பிளாஸ்டிக். வயர். எனக்குத் தெரிந்த மணம். வசந்தி சிரிப்பை நிறுத்துகிறாள். மேலே கதவு ஒன்று அடிபடுகிறது. படிக்குள் புகை இறங்குகிறது. யாரோ இருமுகிறார்கள்.

"கீழ போங்கோ! கெதியா! ஒருத்தரும் நிக்காதேங்கோ!" வசந்தி கத்துகிறாள்.

இறங்குகிறோம். ஒரு சீனக் கிழவர் ஒற்றைச் சப்பாத்தோடு. ஒரு சோமாலியப் பெண், இடுப்பில் பிள்ளை, தலையில் துவாய். பிள்ளை அழவில்லை. கண்ணை மட்டும் விரித்து வைத்திருக்கிறது. அழாத பிள்ளையைப் பார்த்தால் எனக்குப் பயம்.

வெளியே வந்தோம். முற்றம் முழுக்கப் பனி. சிவப்பு வெளிச்சம் சுற்றுகிறது. தீயணைப்பு வாகனங்கள். பொலிஸ். மஞ்சள் நாடா. ஒருவர் கையில் ஒலிபெருக்கி. அது கரகரக்கிறது. பிறகு குரல் வருகிறது. என்ன சொல்கிறது என்று எனக்கு விளங்கவில்லை. விளங்கத் தேவையில்லை. என் கை பைக்குள் போகிறது. அடையாள அட்டையை எடுக்கிறது. நெஞ்சுக்கு நேரே பிடிக்கிறது. படம் வெளியே தெரியும்படி. நான் நினைத்துச் செய்யவில்லை. கை செய்கிறது.

மதில் ஓரமாக நிற்கிறேன். வரிசை என்று யாரும் சொல்லவில்லை. சிறிது நேரத்தில் எனக்குப் பின்னால் ஒருவர். ஏழாம் மாடி அம்மா. சாவகச்சேரிப் பக்கம். அவர் கையிலும் அட்டை. அவருக்குப் பின்னால் இன்னும் இருவர். ஆண்கள் தனியாக எதிர்ப்பக்கம் போய் நின்றார்கள். அவர்களையும் யாரும் பிரிக்கவில்லை.

வசந்தி பார்த்துவிட்டாள். இங்கே வந்தபோது அவள் கைக்குழந்தை. வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

"என்ன அன்ரி, ஐடென்ரிக் காட்டைப் பிடிச்சுக்கொண்டு நிக்கிறியள்? உவை ஆமி இல்லை. நெருப்பு அணைக்க வந்த ஆக்கள்."

"ஓம் பிள்ளை," என்றேன். கையை இறக்கவில்லை.

ஒரு பொலிஸ்காரர் வந்தார். இளம் வயது. அட்டையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். வேண்டாம் என்று தலையாட்டினார்.

அந்தத் தலையாட்டல். நான் அட்டையை இன்னும் இறுக்கிப் பிடித்தேன்.

தலையாட்டி என்றால் எங்கள் ஆட்களுக்குத் தெரியும். மற்றவர்களுக்காக எழுதுகிறேன்.

அது ஊரில், மாரிமழை முடிந்த காலம். விடியப்புறம். நாய்கள் எல்லாத் திக்கிலும் ஒன்றாகக் குரைத்தன. ஒரு திக்கில் குரைத்தால் கள்ளன். எல்லாத் திக்கிலும் என்றால் சுற்றிவளைப்பு. பிறகு ஒலிபெருக்கி. கரகரப்பு. உடைந்த தமிழ். "எல்லாரும் பள்ளிக்கூட மைதானம் வரவும். அடையாள அட்டை கொண்டு வரவும். வீட்டில் ஒளிக்கிறவர் சுடப்படும்." அப்படியே சொன்னது. சுடப்படும்.

என் கணவர் சைக்கிள் திருத்துகிறவர். பெயர் சிவபாதம். எந்த வம்புக்கும் போகாதவர். அவருடைய தம்பி இரவீந்திரன் எங்களோடு இருந்தான். வயது பத்தொன்பது. அவன் கூரை முகட்டுக்குள் ஏறினான். இவர் சொன்னார், "இறங்கடா! வெளியில வந்தாத்தான் உயிர்!" அவன் இறங்கவில்லை. நாங்கள் வெளியே வந்தோம். மகன் என் இடுப்பில்.

மைதானம். ஆண்கள் ஒரு பக்கம். பெண்கள் ஒரு பக்கம். வெயில் ஏறியது. ஒரு வாகனத்துக்குள் ஒருவன். தலையில் சாக்கு. கண்ணுக்கு மட்டும் ஓட்டை. ஆண்கள் ஒவ்வொருவராக அவன் முன்னால் போனார்கள். அவன் தலை ஆட்டாவிட்டால் வீட்டுக்கு. ஆட்டினால் லொறிக்கு.

சற்றுத் தள்ளி, புளியமர நிழலில் ஒரு ஜீப். அதற்குள் ஒருவர். தொப்பியைக் கழற்றி மடியில் வைத்திருந்தார். இளநீர் குடித்துக்கொண்டிருந்தார். அவர் கத்தவில்லை. கத்தியவர்கள் எல்லாரும் அடிக்கடி அவரைத் திரும்பிப் பார்த்தார்கள். அவ்வளவுதான். அவர் யார் என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

என் கணவர் போனார். தலை ஆடியது.

அந்த நேரம் எங்கள் வீட்டுப் பக்கம் வெடிச் சத்தம். ஒன்று. பிறகு ஓடு சரியும் சத்தம். அது இரவீந்திரன்.

ஒளித்தவன் செத்தான். வெளியே வந்தவர் திரும்பவில்லை. வெளியே வந்த நானும் மகனும் இருக்கிறோம். இதில் என்ன கணக்கு இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. ஆனால் உடம்பு ஒன்றைப் பிடித்துக்கொண்டுவிட்டது. கூப்பிட்டால் வெளியே வா. அட்டையைக் காட்டு. வரிசையில் நில். அதனால்தான் பதினோராம் மாடியிலிருந்து நான் முதல் ஆளாக இறங்குகிறேன். அதனால்தான் பை எப்போதும் கதவடியில். அதற்குள் அட்டைகள், காணி உறுதிப் பத்திரத்தின் பிரதி, அவருடைய படம், ஒரு பக்கெற் கிறீம் கிறாக்கர் பிஸ்கற்.

சரி. முற்றத்துக்கு வருகிறேன்.

ஒலிபெருக்கி மறுபடி கரகரத்தது. கட்டடப் பொறுப்பாளர் அதை வாங்கினார். சுப்பர் என்று எல்லாரும் சொல்லும் மனிதர். நல்லவர். பனியில் தொண்டை கிழியக் கத்தினார். இந்தத் தடவை எனக்கு விளங்கியது. ஒரு பெயர்.

"ஹன்னா! ஹன்னா! வெளியே வாருங்கள்! பயமில்லை! எல்லாரும் இங்கே இருக்கிறோம்!"

நான் திரும்பிச் சனத்தைப் பார்த்தேன்.

மிஸிஸ் ஹன்னா என் எதிர் வீடு. முப்பது வருடத்துக்கு மேலாக. தொண்ணூறு தாண்டியவர். தனியாள். பிள்ளைகள் இல்லை. காலையில் உதவிக்கு வரும் பெண் அவரைக் கூட்டிக்கொண்டு இறங்கியிருப்பாள் என்று நினைத்தேன். அந்தப் பெண் நாடாவுக்கு அந்தப் பக்கம் நிற்கிறாள். இப்போதுதான் பஸ்சால் இறங்கி வந்தவள். கையில் இன்னும் கோப்பிக் கோப்பை. மிஸிஸ் ஹன்னா அவளோடு இல்லை. மேலே இருக்கிறார். கூப்பிடுகிறார்கள். அவர் வரமாட்டார். கூப்பிடுவதால்தான் வரமாட்டார்.

அதை விளங்கப்படுத்த வேண்டும்.

நான் இந்தக் கட்டடத்துக்கு வந்த முதல் குளிர்காலம். எதிர் வீட்டில் ஒரு வெள்ளைக்கார அம்மா என்று தெரியும். ஒரு நாள் பிட்டு அவித்தேன். ஒரு கிண்ணம் கொண்டுபோனேன். தட்டினேன். உள்ளே நடமாட்டம் நின்றது. வானொலி நின்றது. கதவு திறக்கவில்லை. வேறொருவர் என்றால் கூப்பிட்டிருப்பார். எனக்குக் கூச்சம். ஆங்கிலமும் இல்லை. கிண்ணத்தை நிலத்தில் வைத்தேன். என் வீட்டு வாசலில் போய்க் குந்தினேன். அந்தப் பக்கம் பார்க்காமல் வெங்காயம் உரித்தேன். வெகு நேரம். பிறகு கதவு கொஞ்சம் திறந்தது. ஒரு கை வந்து கிண்ணத்தை எடுத்தது. மறுநாள் கிண்ணம் கழுவி என் வாசலில் இருந்தது. உள்ளே இரண்டு அப்பிள்.

அதற்குப் பிறகு அதுதான் எங்கள் வழக்கம். நான் தட்டுவதில்லை. பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. எதையாவது வைத்துவிட்டு இருப்பேன். அவர் தானாகத் திறப்பார். இரண்டு மூன்று வருடம் கழித்து என் சமையலறையில் இருந்து தேத்தண்ணி குடிக்கும்போது சொன்னார். எனக்கு முன்னால் இன்னும் ஒரு ஆள்தான் அவருக்காக அப்படிக் காத்திருந்ததாம். இருவருடைய ஆங்கிலமும் உடைசல். உடைந்த பாசை என்றபடியால் ஒரே விசயத்தைப் பல நாள், பல விதமாகச் சொன்னார். அதனால்தான் எனக்கு ஞாபகம்.

போலந்தின் கிழக்குப் பக்கம் ஒரு ஊர். ஆற்றங்கரை. அந்த இடம் இப்போது வேறு நாட்டுக்குள் போய்விட்டதாம். அவர்கள் யூதக் குடும்பம். தகப்பன் தையற்காரர். தாய். அண்ணன். கைக்குழந்தைத் தங்கை. ஹன்னாவுக்கு ஏழு வயது. ஜேர்மன்காரர் வந்தார்கள்.

ஜேர்மன்காரர் என்றால் ஒரு கூட்டம் என்று நான் நினைத்தேன். இல்லையாம். மிஸிஸ் ஹன்னா என் அலமாரியைத் திறந்து நாலு கோப்பை எடுத்தார். மேசையில் வைத்தார். ஒன்று, தெருவில் நிற்கும் பச்சை உடுப்புப் பொலிஸ். மற்றது, சாதாரண உடுப்போடு வந்து பெயர் விசாரிக்கும் இரகசியப் பொலிஸ். மூன்றாவது, முகாம் காவல்காரர். நாலாவது சின்னக் கோப்பை. அது உள்ளூர்ப் பெடியள். கையில் பட்டி கட்டி, தடி கொடுத்து வைத்திருந்த பெடியள். அவர்களில் ஒருவனுக்கு அவருடைய தகப்பன் கலியாணக் கோட்டுத் தைத்துக் கொடுத்தவராம்.

பிறகு ஒரு தட்டை எடுத்தார். நாலு கோப்பைக்கும் மேலே வைத்தார்.

"இது ஒருவன்," என்றார். "ஒரு பிரதேசத்துக்கு ஒருவன். பெர்லினில் இருந்து நேரே அனுப்புகிறவன். எல்லாப் பொலிசும் அவன் கைக்குள். ஊரை ஆளுகிற கவர்னர்கூட இந்தத் தட்டைத் தூக்க ஏலாது."

முதலில் தகப்பனைக் கொண்டுபோனார்கள். தாய் தேடிப் போனார். பச்சை உடுப்புக்காரர் இரகசியப் பொலிசிடம் கேள் என்றார்கள். இரகசியப் பொலிஸ் முகாமில் கேள் என்றது. முகாமில் உள்ளூர்ப் பெடியளிடம் கேள் என்றார்கள். பெடியள் எங்களுக்கு ஒன்றும் தெரியாது என்றார்கள். ஒவ்வொரு கோப்பையும் மற்றக் கோப்பையைக் காட்டியது. தட்டைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை.

நான் தேத்தண்ணியைக் கீழே வைத்தேன். நானும் அப்படி நடந்தவள். மகனை இடுப்பில் வைத்துக்கொண்டு முகாம் முகாமாக நடந்தவள். ஆமி முகாமில் பொலிசிடம் கேள் என்றார்கள். பொலிசில் மற்ற முகாமில் கேள் என்றார்கள். அந்த வாசலில் நின்ற சிப்பாய், "அப்படி ஆள் இங்க இல்ல. போ!" என்று கத்தினான். அன்றோடு சரி. அதற்குப் பிறகு நானாக எந்த உடுப்புக்காரரிடமும் போனதில்லை. இங்கே பஸ் சாரதியிடம்கூட வழி கேட்க மாட்டேன்.

நானும் கோப்பை எடுத்து வைத்தேன். ஆமி. பொலிஸ். விசேடப் படை. சாக்குப் போட்டவன். தட்டைக் கையில் எடுத்தேன். பெயர் தெரியவில்லை. கையிலேயே வைத்துக்கொண்டு நின்றேன். மிஸிஸ் ஹன்னா தட்டை வாங்கித் தானே வைத்தார். "இருக்கிறது. பெயர் தெரியாவிட்டாலும் இருக்கிறது," என்றார்.

ஒரு நாள் அவருடைய ஊரில் கட்டளை ஒட்டினார்கள். எல்லா யூதரும் சந்தைச் சதுக்கத்துக்கு வர வேண்டும். அடையாளப் பத்திரத்தோடு. கீழே அந்த ஒருவனின் கையெழுத்து. சனம் போனது. பத்திரம் இருக்கிறது, வேலை செய்கிறோம், ஒன்றும் செய்யமாட்டார்கள் என்று போனது. தாய் நம்பவில்லை. ஆனால் கைக்குழந்தை அழும். அழும் பிள்ளையோடு ஒளிக்க முடியாது. அண்ணன் உயரம். பொந்துக்குள் கொள்ளமாட்டான். துணி அலமாரிக்குப் பின்னால் சுவரில் ஒரு பொந்து. ஏழு வயதுப் பிள்ளைக்கு மட்டும் அளவு. தாய் ஹன்னாவை உள்ளே இருத்தினார். கழுத்துத் துணியின் நுனியை நனைத்து வாய்க்குள் வைத்தார். இருமல் வந்தால் கடி என்றார். பிறகு சொன்னார்.

"யார் கூப்பிட்டாலும் வராதே. நான் கூப்பிட்டாலும் வராதே."

அலமாரியைத் தள்ளினார். இருட்டு. காலடி. கதவு.

சத்தங்களைத்தான் மிஸிஸ் ஹன்னா சொல்லுவார். பார்த்தது ஒன்றுமில்லை. சப்பாத்து. நாய். கண்ணாடி. பெடியளின் குரல், தெரிந்த குரல். ஒரு கார். அந்தக் கார்ச் சத்தம் ஊருக்கே தெரியும். அது வந்து நின்றால் மற்றச் சத்தமெல்லாம் அடங்குமாம். நின்றது. அடங்கியது. பிறகு தூரத்தில் சுடும் சத்தம். அறுந்து அறுந்து. பொழுது சாயுமட்டும்.

அடுத்த நாள் ஒலிபெருக்கி. கரகரப்பு. ஒளித்திருக்கும் பிள்ளைகளைத் தாய்மாரைக் கொண்டு கூப்பிட வைத்தார்கள். கொஞ்சத் தாய்மாரை அதற்கென்றே உயிரோடு வைத்திருந்தார்களாம். தெருத் தெருவாக நடத்திக்கொண்டு வந்தார்கள்.

"ஹன்னா! வெளியே வா! பயமில்லை! பாண் தந்தார்கள்! எல்லாரும் இங்கே இருக்கிறோம்!"

தாயின் குரல். வாசலுக்கு நேரே. ஹன்னா துணியைக் கடித்தார். போகவில்லை. குரல் அடுத்த தெருவுக்குப் போனது. பிறகு கேட்கவில்லை.

எத்தனை நாள் உள்ளே இருந்தார் என்று அவருக்குத் தெரியாது. ஒரு நாள் யாரோ வீட்டுக்குள் வந்தார்கள். சப்பாத்துக் காலில்லை. வெறுங்கால். உடுப்புத் தோய்க்கிற பெண். யூதப் பெண் இல்லை. வெறும் வீட்டில் சட்டி பானை எடுக்க வந்தவள் என்று மிஸிஸ் ஹன்னா சொல்லுவார். அதை மறைக்க மாட்டார். அலமாரியை இழுத்தாள். பொந்தைக் கண்டாள். கூப்பிடவில்லை. ஒரு துண்டுப் பாண் வைத்தாள். முதுகைக் காட்டிக்கொண்டு நிலத்தில் இருந்தாள். ஹன்னா தானாக வெளியே வருமட்டும் இருந்தாள். அவள்தான் அந்த மற்ற ஆள்.

இப்போது விளங்கும். அலாரம். கரகரப்பு. ஹன்னா, வெளியே வாருங்கள், பயமில்லை, எல்லாரும் இங்கே இருக்கிறோம். சுப்பருக்கு என்ன தெரியும்? நல்ல மனதோடு கத்துகிறார். அதே வார்த்தைகள்.

மிஸிஸ் ஹன்னா எங்கே இருப்பார் என்று எனக்குத் தெரியும். அவரே காட்டியிருக்கிறார். குசினிக்குப் பக்கத்துச் சின்ன அறை. குளிர்க் கோட்டுகள் தொங்கும் இடம். கோட்டுகளுக்குப் பின்னால், நிலத்தில். வாயில் துணி. இருமமாட்டார். அந்தப் புகைக்குள்ளும் இருமமாட்டார். தேடுகிறவர்கள் கதவைத் திறப்பார்கள். கூப்பிடுவார்கள். பதில் வராது. இருமல் கேட்காது. ஆள் இல்லை என்று அடுத்த வீட்டுக்குப் போவார்கள். அவரை உயிரோடு வைத்திருந்த படிப்பு அது. இப்போது அதுவே அவரைக் கொல்லப் போகிறது.

நான் வரிசையை விட்டு வெளியே வந்தேன்.

எழுதுவது சுலபம். நடப்பது சுலபமில்லை. மஞ்சள் நாடா. அதற்கு அந்தப் பக்கம் தீயணைப்பு வீரர்கள். தலைக்கவசம். முகமூடி. கறுத்த உடுப்பு. பருத்த சப்பாத்து. ஒருவர் உள்ளே போக முகமூடியைச் சரிசெய்கிறார். கண் மட்டும் தெரிகிறது. நான் நாடாவுக்குக் கீழே குனிந்தேன்.

"மாம்! பின்னால் போங்கள்!"

பொலிஸ்காரர் கத்தினார். நான் நின்றேன். கால் திரும்பப் பார்த்தது. போ என்று முன்பு ஒருவன் கத்திய வாசல் கண்ணுக்குள் வந்தது. நான் போகவில்லை. என் ஆங்கிலம் எல்லாவற்றையும் ஒன்றாகக் கூட்டினேன்.

"லேடி. குளோசெற். பிகைன்ட் கோட். புளோர். நோ ஷவுட். பிளீஸ். நோ நேம். ஷீ நோ கம்."

அவர் என்னைப் பார்த்தார். விளங்கவில்லை. நான் திரும்பி, வாழ்நாளில் கத்தாத மாதிரிக் கத்தினேன்.

"வசந்தி! ஓடி வா! இவைக்குச் சொல்லு! கூப்பிட வேண்டாம் எண்டு சொல்லு!"

வசந்தி ஓடி வந்தாள். இப்போது அவள் முகத்தில் சிரிப்பில்லை. நான் தமிழில் சொன்னேன். அவள் ஆங்கிலத்தில் கொட்டினாள். கோட்டு அறை. நிலம். இருமமாட்டார். சின்ன வயதில் போரில் ஒளித்தவர். கூப்பிட்டால் இன்னும் உள்ளே போவார். முகமூடியைச் சரிசெய்துகொண்டு நின்ற தீயணைப்பு வீரர் குனிந்து கேட்டார். முகமூடியை மேலே தள்ளினார். பெடியன். என் மகனிலும் இளையவர். கேட்டு முடித்து, தோளில் இருந்த வயர்லெஸ்ஸில் ஏதோ சொன்னார். மேலே உள்ளவர்களுக்கு. பிறகு சுப்பரைப் பார்த்துக் கையைக் காட்டினார். ஒலிபெருக்கி நின்றது.

அது நின்ற பிறகுதான் அது எவ்வளவு சத்தமாக இருந்தது என்று தெரிந்தது.

நான் பைக்குள் கை விட்டேன். பிஸ்கற் பக்கெற்றை எடுத்து அந்தப் பெடியனிடம் நீட்டினேன். ஏன் என்று கேட்காமல் வாங்கினார். உடுப்புப் பைக்குள் போட்டார். முகமூடியை இறக்கினார். உள்ளே போனார்.

காத்திருந்தோம். வசந்தி தன் கோட்டைக் கழற்றி எனக்குப் போட்டாள். "நடுங்கிறியள் அன்ரி," என்றாள். நான் எங்கள் மாடி யன்னல்களைப் பார்த்தேன். அவருடைய யன்னலில் புகை. கறுப்பு இல்லை. சாம்பல். மின் அறையில் பிடித்த நெருப்பாம். நடைபாதை முழுக்கப் புகை போனதாம். அதெல்லாம் பிறகு தெரிந்தது. அப்போது யன்னல் மட்டும்தான்.

கொண்டு வந்தார்கள். இரண்டு பேர் சேர்ந்து தூக்கி. கம்பளிக்குள் ஒரு சின்ன உருவம். ஏழு வயதுப் பிள்ளை அளவு. முகம் கரி. கண் திறந்திருந்தது. வாயில் கழுத்துத் துணியின் நுனி. இன்னும் கடித்தபடி. ஒரு கையில் என் பிஸ்கற் பக்கெற். நசிந்து, நொருங்கி, கையோடு.

அம்புலன்சுக்குள் ஏற்றினார்கள். ஒட்சிசன் வைக்கத் துணியை எடுக்கப் பார்த்தார்கள். அவர் விடவில்லை. நான் கிட்டப் போனேன். கூப்பிடவில்லை. பக்கத்தில் முதுகைக் காட்டிக்கொண்டு இருந்தேன். ஓரத்தில், படியில். கொஞ்ச நேரத்தில் பின்னால் இருமல் கேட்டது. பெரிய இருமல். எண்பது வருடத்து இருமல்.

ஆஸ்பத்திரியில் நான் அவரைப் பார்த்தேன். மகன் கூட்டிக்கொண்டு போனான். சுவாசப்பையில் புகை போய்விட்டது, வயதும் கூட என்றார்கள். கண்ணாடி போலக் கை. குழாய்கள். நான் கதிரையில் இருந்தேன். அவர் கண்ணைத் திறந்தார். என்னை அடையாளம் கண்டாரா தெரியாது. சின்னப் பிள்ளை பள்ளிக்கூடத்தால் வந்து சொல்வது போலச் சொன்னார்.

"கூப்பிட்டார்கள். நான் போகவில்லை."

"ஓம்," என்றேன். தமிழில்தான் சொன்னேன். "நீங்கள் போகேல்லை. நல்ல பிள்ளை."

அவர் சிரித்தார். அதற்குப் பிறகு பேசவில்லை. அந்த வாரத்துக்குள்ளேயே முடிந்தது. அடக்கத்துக்கு நாங்கள் கொஞ்சப் பேர்தான். அந்தத் தீயணைப்புப் பெடியனும் வந்தார். உடுப்பு இல்லாமல், சாதாரணக் கோட்டோடு. உடுப்பில்லாமல் வந்ததற்கு நான் மனதுக்குள் நன்றி சொன்னேன். பெட்டிக்குக் கிட்ட நின்று வசந்தியிடம் மெதுவாக ஏதோ சொன்னார். அவள் எனக்குச் சொன்னாள். கோட்டுகளை விலக்கியபோது அவருக்கும் பெயர் வாயில் வந்ததாம். விழுங்கிவிட்டாராம். கையுறையைக் கழற்றி வெறுங்கையை நீட்டினாராம். பிஸ்கற்றை வைத்தாராம். புகைக்குள் அதிக நேரம் நிற்க முடியாது. எண்ணிக்கொண்டு நின்றாராம். மிஸிஸ் ஹன்னா தானாகக் கையைத் தந்தாராம்.

இப்போது எதிர் வீட்டில் வேறு குடும்பம். வாசலில் பிள்ளைகளின் சப்பாத்துகள். நான் பிட்டு அவிக்கும் நாளில் கை ஒரு கிண்ணம் கூடுதலாக எடுக்கிறது.

இழந்ததை எழுதச் சொன்னார்கள். எழுதுகிறேன்.

மிஸிஸ் ஹன்னா வீட்டில்: தகப்பன். தாய். அண்ணன். கைக்குழந்தைத் தங்கை, அதற்குப் பெயர் வைத்தார்களா என்று அவருக்கு நினைவில்லை. நாலு பேர். ஒரு கல்லறையும் இல்லை. அந்தத் தெருவில் மற்றவர்களை அவர் எண்ணிச் சொல்லவில்லை. எல்லாரும் என்றார். உடுப்புத் தோய்க்கிற பெண்ணுக்குப் பிறகு என்ன நடந்தது என்றும் தெரியாது.

எங்கள் வீட்டில்: இரவீந்திரன். கிணற்றடியில் அடக்கினோம். என் கணவர். அவரை அடக்கவில்லை. அதனால் அவரை எந்தப் பக்கம் எண்ணுவது என்று எனக்குத் தெரியாது. வீடு. கூரை. அவருடைய சாமான் பெட்டி, ஸ்பனர்களோடு.

பதினோராம் மாடியில்: மிஸிஸ் ஹன்னா. ஒரு ஆள்.

படித்தவர்கள் யாராவது இதை ஒருக்காச் சரிபார்த்துத் தர வேண்டும். அந்த ஊர்ப் பெயரை அவர் பல தடவை சொன்னார், என் வாயில் அது வரவில்லை. ஆற்றின் பெயரும் வேண்டும். பொலிஸ் உடுப்பு பச்சைதானா என்று பாருங்கள். அந்தப் பிரதேசத்துக்கு ஒருவன் என்ற அதிகாரிக்கு என்ன பட்டம், அங்கே இருந்தவன் யார், அவன் எங்கே செத்தான், கட்டிலிலா கயிற்றிலா என்று எங்காவது எழுதியிருக்கும். ஜேர்மன்காரர் எழுதி வைக்கிறவர்களாம். எங்கள் பக்கத்துத் தட்டின் பெயர் யாருக்காவது தெரிந்தால் அதையும் சேர்த்துவிடுங்கள். புளியமரம், இளநீர், மடியில் தொப்பி. அது போதுமோ தெரியாது. சிவபாதம் என்ற பெயரைச் சரிபார்க்க வேண்டாம். அதில் பிழையில்லை.

ஹன்னாவின் தாய் தெருவில் நின்று கூப்பிட்டதைச் சரிபார்க்க இப்போது ஒருவரும் இல்லை. அதை மட்டும் நான் எழுதினபடியே விட்டுவிடுங்கள்.